வரைபுக் கணிப்பான் வாங்குவோமா? முதலில் சிக்கலெண்ணைத் திரையில் வைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம்





கொஞ்ச நாளாக எமது பாடசாலையின் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு வரைபுக் கணிப்பான் வாங்கிக் கொடுப்பது பற்றி ஊரில் பேச்சு நடக்கிறது. வெளிநாட்டில் தொழில் செய்யும் பழைய மாணவர்கள் சிலர் நல்ல மனதோடு கேட்டிருக்கிறார்கள்: "சேர், 20 கணிப்பான் அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படுமா?" ஒரு சாரார், பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாத சாமான் எதற்கு என்று கேட்கிறார்கள். மற்றச் சாரார், உலகம் எங்கேயோ போய்விட்டது, நாம் இன்னும் மடக்கை அட்டவணையோடு நிற்கிறோம், கட்டாயம் வாங்குங்கள் என்கிறார்கள்.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய எமக்கு இந்த இரண்டு பக்கத்தோடும் முழு உடன்பாடு இல்லை. எமது நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கணிப்பானை வாங்கிக் கையில் கொடுத்து "விடையைப் பார்" என்றால் காசு வீண். அதே கணிப்பானுக்கோ, பாடசாலையில் தூசு பிடித்துக் கிடக்கும் கணினிக்கோ, வீட்டிலுள்ள போனுக்கோ பத்து வரிச் செய்நிரல் ஒன்றைப் பிள்ளை தானே எழுதி, ஒரு சிக்கலெண்ணைத் திரையில் அதன் இடத்தில் வைத்துக் காட்டினால் அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம். கணிதம் படிக்காத பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைக்கு எதற்குச் செலவழிக்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

சிக்கலெண்ணில் என்ன சிக்கல்?

மூன்றை மூன்றால் பெருக்கினால் 9. சய மூன்றைச் சய மூன்றால் பெருக்கினாலும் 9. அப்படியென்றால் எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் சய 9 வரும்? நாம் அன்றாடம் பாவிக்கும் எண்களுக்குள் அப்படி ஒன்று இல்லை. அதனால் கணிதம் புதிய எண் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. தன்னாலேயே பெருக்கினால் சய 1 தருகின்ற அந்த எண்ணை வகுப்பில் 'ஐ' என்று வாசிப்போம். 2 சக 3 'ஐ' என்பது ஒரு சிக்கலெண். அதில் 2 மெய்ப்பகுதி, 3 கற்பனைப் பகுதி.

பாதிப் பிள்ளைகளைக் குழப்புவது இந்தக் "கற்பனை" என்ற சொல்தான். இல்லாத ஒன்றைப் பற்றிப் பரீட்சைக்காகப் படிக்கிறோம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைத்த பிள்ளை சூத்திரத்தைப் பாடமாக்கும், கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கும், பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். உண்மையில் சிக்கலெண் என்பது தளத்தில் உள்ள ஒரு புள்ளி. வலப்பக்கம் 2 அடி, மேலே 3 அடி. அவ்வளவுதான். ஒரு வளவின் மூலைக் கல்லை எப்படிக் குறிப்போமோ அப்படி.

இந்த எளிய விசயத்துக்கு மனிதன் வர எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளை வகைப்படுத்தித் தீர்த்தார். அவர் எடுத்த பிரபலமான உதாரணம் ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 21 ஐக் கூட்டினால் அந்த எண்ணின் பத்து மடங்கு வரும், அந்த எண் எது? விடை 3 அல்லது 7. வழிமுறையைச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையையும் அவர் வைத்தார். பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25. கூட்டுகின்ற எண் இந்த 25 ஐ விடப் பெரிதாக இருந்தால் கணக்குக்கு விடை கிடையாது என்றார். 21 இருந்த இடத்தில் 26 ஐப் போட்டுப் பாருங்கள். அவரது காலத்து எண்களுக்குள் விடை இல்லைதான். இன்று எமது பிள்ளை 5 சக 'ஐ', 5 சய 'ஐ' என்று இரண்டு விடை எழுதும்.

1545இல் இத்தாலியில் கார்டானோ, 10 ஐ இரண்டாகப் பிரித்து அவற்றின் பெருக்கம் 40 வரச் செய்ய முடியுமா என்று கேட்டு, சய 15இன் வர்க்கமூலத்தை வைத்து விடை எழுதினார். ஆனால் அதனால் பிரயோசனமில்லை என்றே கருதினார். 1572இல் பொம்பெல்லி அந்த எண்களைக் கூட்டவும் பெருக்கவும் ஒழுங்கான விதிகளைத் தந்தார். அதற்குப் பிறகும் இரு நூறு வருடங்களுக்கு மேல், அந்த எண் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1797இல் வெசல் என்ற நில அளவையாளர் டென்மார்க்கின் விஞ்ஞானக் கழகத்தில் முன்வைத்த கட்டுரையிலும், 1806இல் பாரிஸில் ஆகன் வெளியிட்ட நூலிலும்தான் அதற்குரிய படம் கிடைத்தது. எமது பாடநூலில் உள்ள "ஆகன் வரிப்படம்" அதுதான்.

ஆக, எண் முதலில் வந்தது, படம் 200 வருடம் கழித்து வந்தது. படம் வந்த பிறகுதான் பயம் போனது. எமது வகுப்பறைகளில் நாம் எண்ணை மட்டும் கொடுத்து, படத்தைக் கரும்பலகையில் ஒரு தடவை கீறிக் காட்டிவிட்டு அடுத்த அலகுக்குப் போகிறோம். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நேரமில்லை.

கணிப்பான் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

உலகின் முதலாவது வரைபுக் கணிப்பானைக் கசியோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1990இல் இந்தத் துறைக்குள் வந்தது. அவர்களுடைய டிஐ-84 பிளஸ் 2004இல் வெளிவந்தது. அமெரிக்கப் பாடசாலைகளில் அந்தக் குடும்பக் கணிப்பான்கள் இன்றும் பரவலாகப் பாவனையில் உள்ளன. முதலில் வந்த டிஐ-84 பிளஸின் திரை அகலத்தில் 96 புள்ளி, உயரத்தில் 64 புள்ளி மட்டுமே. ஆனால் அதற்குள்ளேயே செய்நிரல் எழுதி ஓடவிடும் வசதி இருக்கிறது.

அந்தக் கணிப்பானில் "எக்ஸின் வர்க்கம் சய 4 எக்ஸ் சக 13" என்பதன் வரைபைக் கீறச் சொல்லுங்கள். ஒரு பரவளைவு வரும். அது கிடை அச்சைத் தொடாமல் மேலே நிற்கும். மூலம் எங்கே என்று கேட்டால், குறி மாறவில்லை என்று பிழைச் செய்தி தரும். சய 9இன் வர்க்கமூலத்தைக் கேட்டால், மெய்யெண் நிலையில் இருக்கும்போது, விடை மெய்யெண் அல்ல என்று இன்னொரு பிழைச் செய்தி வரும். சிக்கலெண் நிலைக்கு மாற்றிவிட்டுக் கேட்டால் 3 'ஐ' என்று ஒழுங்காகத் தரும்.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் இருக்கிறது. எழுத்துத் திரையில் சிக்கலெண்ணை எழுதிக் காட்டும் அதே கணிப்பான், வரைபுத் திரையில் அதை வைத்துக் காட்டாது. புள்ளி வைக்கும் கட்டளைக்கு 2 சக 3 'ஐ' என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் ஏற்காது. அதற்கு இரண்டு மெய்யெண்கள் வேண்டும். எண்ணைப் பிரித்து, எது கிடையாகப் போகும், எது நிலையாகப் போகும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இதை ஒரு குறை என்று சிலர் சொல்லலாம். ஆசிரியர்களாகிய எமக்கு இது வாய்ப்பு. கருவி தானாகச் செய்யாத இடத்தில்தான் பிள்ளையின் மூளை வேலை செய்யத் தொடங்குகிறது.

செய்நிரலைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

1. சமன்பாட்டின் மூன்று குணகங்களையும் கேட்டு வாங்கு.
2. சிக்கலெண் நிலைக்கு மாறு.
3. தன்மைகாட்டியைக் கணி.
4. சூத்திரத்தால் ஒரு மூலத்தைக் கண்டு, அதற்கு 'இசட்' என்று பெயரிடு.
5. வரைபுத் திரையைத் துடை.
6. இரண்டு அச்சிலும் ஓர் அலகு ஒரே நீளமாக வரும்படி திரையைச் சரிசெய்.
7. இசட்டின் மெய்ப்பகுதியைக் கிடை ஆள்கூறாகவும், கற்பனைப் பகுதியை நிலை ஆள்கூறாகவும் எடுத்து ஒரு புள்ளி வை.
8. உற்பத்தியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு கீறு.
9. மற்ற மூலத்துக்கும் இதையே செய்.

ஒன்பது வரி. ஆங்கிலத்தில் தெரிந்திருக்க வேண்டிய கட்டளைச் சொற்கள் பத்துக்கும் குறைவு. தமிழ்மொழி மூலப் பிள்ளை இரண்டு நாளில் பழகிவிடும்.

இப்போது ஒவ்வொரு வரியும் என்ன கற்பிக்கிறது என்று பாருங்கள். 7ஆவது வரிதான் முழு ஆகன் வரிப்படம். அந்த வரியை எழுதிய பிள்ளையிடம் "கற்பனைப் பகுதி என்றால் என்ன?" என்று கேட்டால் "நிலைக்குத்தாக எவ்வளவு என்பது" என்று சொல்லும். 8ஆவது வரியில் வரும் கோட்டின் நீளம் மட்டு, அது கிடை அச்சோடு அமைக்கும் கோணம் வீசல். 6ஆவது வரியை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? திரை சதுரமில்லை, எனவே வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது. அதைப் பார்த்துப் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் வராது.

செய்நிரலை ஓடவிட்டால் இரண்டு மூலங்களும் கிடை அச்சுக்கு மேலும் கீழும் ஒரே தூரத்தில், கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். உடன்புணரி என்ற சொல்லை வரைவிலக்கணமாகப் பாடமாக்கத் தேவையில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

பாடமாக்கியவருக்கும் செய்து பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம்

முதலாவது உதாரணம். மேலே சொன்ன பரவளைவின் அடிப்புள்ளி கிடையாக 2, உயரம் 9. அதை அந்த அடிப்புள்ளியில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது கிடை அச்சை சய 1 இலும் 5 இலும் வெட்டும். அந்த இரண்டு புள்ளிகளையும் அவற்றின் நடுவான 2 ஐச் சுற்றி 90 பாகை திருப்பினால் ஒன்று மூன்று அலகு மேலேயும் மற்றது மூன்று அலகு கீழேயும் போய் நிற்கும். அவைதான் 2 சக 3 'ஐ', 2 சய 3 'ஐ'. அச்சைத் தொடாத வரைபுக்கும் மூலம் உண்டு, அது தாளின் வேறொரு திசையில் இருக்கிறது என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதிப் புள்ளி வாங்குவது ஒன்று. ஏன் இல்லை, அப்படியென்றால் எங்கே இருக்கின்றன என்று அறிவது இன்னொன்று.

இரண்டாவது உதாரணம், விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை பற்றியது. வீசலைக் காண, கற்பனைப் பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்து, நேர்மாறு தான்சனை எடுத்து, வந்த கோணத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சய 1 சய 'ஐ' என்ற எண்ணுக்கு அப்படிச் செய்தால் 45 பாகை வரும். சரியான விடை சய 135 பாகை. தாளில் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. ஆனால் அந்த 45 பாகையை வைத்துக் கோசைன், சைன் எடுத்துப் புள்ளியைத் திரையில் வைக்கும் செய்நிரலைப் பிள்ளை எழுதினால், கீழே இடப்பக்கம் வரவேண்டிய புள்ளி மேலே வலப்பக்கம் வந்து நிற்கும். நேர் எதிர்ப்பக்கம். யாரும் சிவப்புப் பேனாவால் கோடு போடத் தேவையில்லை. பிள்ளையே திருத்தும். திருத்துவதற்கு "மெய்ப்பகுதி சயமானால் என்ன செய்வது" என்று ஒரு நிபந்தனை வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுதிய பிள்ளை பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லாமலேயே சரியாக எழுதும்.

மூன்றாவது உதாரணம் பெருக்கல். 3 சக 'ஐ' என்ற எண்ணை 'ஐ'யால் பெருக்கினால் சய 1 சக 3 'ஐ'. மீண்டும் பெருக்கினால் சய 3 சய 'ஐ'. திரையில் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கோடு 90 பாகை திரும்புகிறது. நான்காம் தடவை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். இனி 1 இலிருந்து தொடங்கி 1 சக 'ஐ'யால் பெருக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் 45 பாகை திரும்பி, கொஞ்சம் நீண்டு, ஒரு சுருளியாக விரியும். எட்டாவது பெருக்கலில் மீண்டும் மெய் அச்சுக்கு வந்து 16 இல் நிற்கும். த மோய்வரின் தேற்றத்தைப் பிள்ளை அங்கே சுருளியாகவே பார்த்துவிடுகிறது. தேற்றம் பிறகு வரட்டும்.

ஆர்வமுள்ள பிள்ளைக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. ஓர் எண்ணை வர்க்கித்து, ஒரு மாறா எண்ணைக் கூட்டி, வந்த விடையை மீண்டும் வர்க்கித்துக் கூட்டிக்கொண்டே போனால், சில மாறா எண்களுக்கு விடை கட்டுக்குள் நிற்கும், சிலவற்றுக்கு எல்லையில்லாமல் ஓடிவிடும். கட்டுக்குள் நிற்பவற்றை மட்டும் திரையில் கறுப்பாக்கினால் வருவதுதான் 1980களில் உலகப் பிரசித்தமான மண்டல்புரோட் தொடை. டிஐ-84 பிளஸின் வரைபுத் திரையில் செய்நிரலுக்குக் கிடைப்பவை 95 நிரல்களும் 63 நிரைகளும், மொத்தம் 5,985 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 30 தடவை வரை கணித்தால் ஒன்றே முக்கால் இலட்சம் தடவைக்கு மேல் போகலாம். அந்தச் சிறிய கருவி மணிக்கணக்காக ஓடும். இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைக் கவனிக்கும்: உடன்புணரிகளுக்கு ஒரே முடிவுதான் வரும், எனவே மேல்பாதியைக் கணித்துக் கீழ்ப்பாதிக்குப் பிரதி எடுத்தால் போதும். 32 நிரை, 3,040 புள்ளி. ஓடும் நேரம் ஏறக்குறையப் பாதி. கணிதம் தெரிந்தால் கருவியின் வேலை குறையும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் கற்பிப்பது?

"இதெல்லாம் சோறு போடுமா?"

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. எமது பக்கத்து அரிசி ஆலைக்காரர்களுக்கே இதன் பதில் தெரியும். பெரிய மின் இணைப்பு உள்ளவர்களுக்கு மாதப் பட்டியலில் அலகுக்கு மேலதிகமாகக் "கேவீஏ" கணக்கில் ஒரு தொகை வரும். மோட்டர் உண்மையில் வேலைக்கு எடுக்கும் வலு 80 கிலோவாற்று என்று வைப்போம். காந்தப் புலத்தை உண்டாக்கப் போய்வரும் வலு 60. இரண்டையும் சேர்த்தால் 140 அல்ல, 100. ஏனென்றால் ஒன்று மெய்ப்பகுதி, மற்றது கற்பனைப் பகுதி. 80 சக 60 'ஐ' என்ற சிக்கலெண்ணின் மட்டு 100. அந்த 100 கேவீஏக்குத்தான் ஆலைக்காரர் காசு கட்டுகிறார். தகுந்த கொள்ளளவிகளைப் பொருத்தி அந்த 60 ஐ 20 ஆகக் குறைத்தால் மட்டு ஏறக்குறைய 82.5 ஆக இறங்கும். ஆலையின் வேலை குறையவில்லை, பட்டியல் குறைகிறது.

"கற்பனை" எண்ணுக்கு மாதாமாதம் உண்மையான ரூபாவைக் கட்டுகிறோம். ஆடலோட்ட மின்னை இப்படிச் சிக்கலெண்ணால் கணிக்கலாம் என்பதை 1893இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியியலாளர் விளக்கிய பிறகு, மின்பொறியியல் முழுவதும் இந்த மொழியில்தான் பேசுகிறது. பொறியியல் பீடத்துக்குப் போகும் எமது பிள்ளை முதல் வருடத்திலேயே இதைச் சந்திக்கும். வீட்டுக்கு வயரிங் செய்யும் இளைஞன் என்விகியூ படிக்கப் போனாலும் வலுக்காரணி என்ற பெயரில் சந்திப்பான்.

மறுப்புகளுக்கு எமது பதில்

"பரீட்சையில் பாவிக்க முடியாதே." உண்மை. இணைந்த கணிதப் பரீட்சைக்குக் கணிப்பான் இல்லை. பௌதிகவியல் வினாத்தாளின் முகப்பிலும் கணிப்பானுக்கு அனுமதியில்லை என்றே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: விடை காட்டும் கருவியாக வாங்க வேண்டாம். நீச்சல் பழகும்போது கட்டிய மிதவையை யாரும் போட்டிக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் பழகியது உடம்பில் இருக்கும்.

"பிள்ளை சோம்பேறியாகிவிடும்." விசையை அழுத்தி விடை பார்க்கும் பிள்ளை சோம்பேறியாகும், அதில் சந்தேகமில்லை. செய்நிரல் எழுதும் பிள்ளை ஒவ்வொரு படியையும் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக மாறுகிறது. தனக்குத் தெரியாததை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு வரி தவறினாலும் கருவி நின்றுவிடும், அல்லது புள்ளியை வேறெங்கோ வைத்துவிடும்.

"விலை?" இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். புதிய டிஐ-84 வகைக் கணிப்பான் ஒன்று அமெரிக்காவில் 100 டொலருக்கு மேல். எமது காசில் 30,000 ரூபாவைத் தாண்டும். 20 வாங்கினால் ஆறு இலட்சம். அந்தக் காசுக்கு வேறு என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரும் மனதில் கணக்குப் பார்க்க வேண்டும். ஜியோஜீப்ரா இலவசம். பைதன் இலவசம், அதிலும் உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது. சிக்கலெண் பைதன் மொழிக்குள் பிறப்பிலேயே உண்டு. 'ஐ' என்பதற்குப் பதிலாக 'ஜே' என்று எழுத வேண்டும், ஏனெனில் மின்பொறியியலாளர்கள் 'ஐ' என்ற எழுத்தை மின்னோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். நம்வேர்க்ஸ் என்ற பிரெஞ்சு வரைபுக் கணிப்பானை வாங்காமலேயே, அதன் மாதிரியை இணையத்தில் காசில்லாமல் இயக்கிப் பார்க்கலாம், அதிலும் பைதன் எழுதலாம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் பலரிடம் இருக்கும் கசியோ எப்எக்ஸ்-991 வகைக் கணிப்பானில் சிக்கலெண்ணைக் கூட்டிப் பெருக்க முடியும், ஆனால் தளத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

"அப்படியென்றால் ஜியோஜீப்ரா போதுமே, அது தானாகவே புள்ளியை வைக்குமே?" வைக்கும். அதனால்தான் அதை இரண்டாவதாக வையுங்கள் என்கிறோம். முதலில் பிள்ளை தன் கையால் மெய்ப்பகுதியைப் பிரித்து, கற்பனைப் பகுதியைப் பிரித்து, புள்ளியை வைக்கட்டும். பிறகு ஜியோஜீப்ராவில் சரிபார்க்கட்டும்.

இதை ஏன் இப்போது சொல்கிறோம்?

எமது ஊர்களில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவை எடுக்கும் பிள்ளைகள் கொஞ்சம். எடுத்த பிறகு இடைநடுவில் கலைப் பிரிவுக்கோ வர்த்தகப் பிரிவுக்கோ மாறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வசதியுள்ள வாப்பா, பிள்ளையைப் பெரிய நகரத்துக்கு அனுப்பி வகுப்புக்குச் சேர்க்கிறார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, குறிப்பாக இரவு வகுப்புக்குப் போகமுடியாத பெண்பிள்ளை, பாடசாலையை மட்டுமே நம்பி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒன்பது வரிச் செய்நிரலை உம்மாவின் போனில் வைத்தே எழுதிப் பார்க்கலாம். அதற்கு பஸ் காசு தேவையில்லை, இரவு பயணமும் தேவையில்லை.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறோம். "அல்ஜிப்ரா எம்மவர் தந்த சொல், அல்கோரிதம் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது" என்று நாம் வருடா வருடம் படம் போட்டுப் பகிர்கிறோம். உண்மைதான், பெருமைதான். ஆனால் அல்கோரிதம் என்றால் என்ன? படிப்படியாகச் செய்யும் வழிமுறை. மேலே எழுதிய ஒன்பது வரி மாதிரி. அவரது பெயரைப் பகிர ஒரு விநாடி போதும். அவர் "விடை கிடையாது" என்று நிறுத்திய இடத்திலிருந்து எமது பிள்ளை ஒரு புள்ளி தூரம் அப்பால் போக ஒரு சனிக்கிழமைக் காலை வேண்டும். பின்னையதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

எனவே எமது வேண்டுகோள்கள் இவை.

பழைய மாணவர்களுக்கு: 20 கணிப்பான் அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் இரண்டு போதும், ஆசிரியர் மேசையில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்துப் பாவிக்கட்டும். மிகுதிக் காசில் கணினிக் கூடத்தில் பழுதாகிக் கிடப்பவற்றைத் திருத்தித் தாருங்கள். உங்களில் பொறியியலாளர்கள், மென்பொருள் துறையில் இருப்பவர்கள் மாதம் ஒரு மணித்தியாலம் ஒன்லைனில் பிள்ளைகளோடு இருங்கள். காசைவிட அது பெரிய உதவி.

பெற்றோருக்கு: பிள்ளை போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தால் பறிக்க முன் என்ன செய்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். "இந்தப் புள்ளி ஏன் இங்கே வந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியத் தேவையில்லை. பிள்ளையால் உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் அதற்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாணவர்களுக்கு: இந்த வாரம் ஒரே ஒரு வேலை. வர்க்கம் சக 26 என்பது பத்து மடங்குக்குச் சமன் என்ற சமன்பாட்டை எடுத்து, அதன் இரண்டு மூலங்களையும் திரையில் வையுங்கள். கணிப்பானோ கணினியோ போனோ, எது கிடைத்தாலும் சரி. வைத்துவிட்டு, அந்தப் புள்ளி அங்கே ஏன் நிற்கிறது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அதிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.